உச்சியில் நின்ற சுருள்

பங்சாரில் சலூன் வைத்திருக்கும் சுமதி போன மாதம் ஒரு மத்தியானம் எனக்குப் போன் போட்டாள். குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"ஆன்டி, கஸ்டமர் உக்காந்திருக்காங்க. முடி நேராக்குற மருந்து போட்டேன். நாலு பக்கமும் நல்லா படிஞ்சிருச்சு. உச்சியில மட்டும் ஸ்பிரிங் மாதிரி நிக்குது லா. இன்னொரு தடவ போடவா?"

"போட்டேன்னா நேர்ல வந்து உதைப்பேன். மொதல்ல அவங்க உச்சந்தலைய மோந்து பாரு."

"என்னது?"

"மோந்து பாருடி. மூக்கு எதுக்கு இருக்கு?"

போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு, "ஐயோ ஆன்டி, எண்ணெய் வாசம்! எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று கத்தினாள்.

எப்படித் தெரியும் என்பதைப் போனில் சொல்லி முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, வேலையை விட்டும் பல வருஷமாகிவிட்டது. இப்போது மருந்து டப்பாவில் வருகிறது. மேலே சிரிக்கிற பெண்ணின் படம், உள்ளே கையுறை, எப்படிப் போடுவது என்று மூன்று மொழியில் ஒரு காகிதம். அந்தக் காகிதத்தில் எல்லாம் இருக்கிறது, இது ஒன்றுதான் இல்லை.

ஜப்பான்காரன் மலாய் மண்ணுக்குப் படையெடுத்து வருவதற்குப் பல வருஷம் முந்திய கதை. எனக்கு இருபத்திரண்டு வயதில் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. கப்பல் ஏறி ஊருக்குப் போ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஊரில் எனக்கு என்ன வைத்திருக்கிறது? பிரிக்பீல்ட்ஸிலேயே இருந்துகொண்டேன். மிஸ் தெல்மா என்ற, போர்த்துகீசிய வழி வந்த மலாக்கா செரானிப் பெண் அங்கே பெண்களுக்கு முடி வெட்டி அலங்காரம் செய்யும் கடை வைத்திருந்தார். துண்டு துவைக்கவும் தரை பெருக்கவும் சேர்ந்தேன். ஒரு வருஷத்தில் சீப்பு என் கைக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், அழுக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான்.

மிஸ் தெல்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட. வேலை செய்யும்போது பேசமாட்டார். ஏதோ ஒரு மாதா கோயில் பாட்டை மூக்குக்குள்ளேயே முனகிக்கொண்டிருப்பார். நான் தப்புச் செய்தால் பாட்டு நின்றுவிடும். சீப்பின் வால் என் விரல் முட்டியில் ஒரு தட்டுத் தட்டும். பிறகு பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். நன்றாகச் செய்தாய் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. பாட்டு நிற்காமல் ஒரு தலை முடிந்தால் அதுதான் எனக்குச் சந்தோஷம்.

சுருண்ட முடியை நேராக்கும் மருந்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது, கல்கத்தா பக்கமிருந்து ஒரு இசைக்குழுவோடு சிங்கப்பூருக்கு வந்திருந்த கறுப்பின அமெரிக்கப் பாடகி. அவர்கள் ஊரில் வேறு மாவோ கிழங்கோ போடுவார்களாம். இங்கே எங்களுக்குச் சவ்வரிசி மாவு. அதைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மரக்கரண்டியால் கிண்டுவோம். வெள்ளையாக வழவழவென்று வரும். எங்களுக்குள் அதற்குக் களி என்று பெயர். தலையில் வைக்கும் முன் மிஸ் தெல்மா அதில் ஒரு கோழி இறகை முக்குவார். இறகு உடனே கரைந்தால் காரம் அதிகம், அந்தக் களி சாக்கடைக்குப் போகும். மெல்ல இளகி வளைந்தால் வேலைக்கு ஆகும். முதல் மாதத்தில் நான் அதை அலுமினியச் சட்டியில் கலந்து வைத்துவிட்டேன். சட்டி சீறிக்கொண்டு பொங்கியது. மிஸ் தெல்மா கத்தவில்லை. சட்டியை மூக்கால் காட்டி, "இனிமே இதுலே நீ சோறு மாசாக் பண்ணு பாக்கியம்" என்றார். மாசாக் என்றால் மலாயில் சமைப்பது. மறுநாள் பீங்கான் பூச்சுப் பூசிய சட்டி வாங்கிவந்தார்.

முடியை நேராக்குவது பெரிய காரியமே இல்லை. காரம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். தலை முழுக்க ஒரே சீராகப் படியவைப்பதில்தான் உயிர் போகும். "தலை ஒண்ணு இல்லே பாக்கியம், நாலு" என்பார். பிடரி முடி ஒரு மாதிரி, காதோரம் ஒரு மாதிரி, நெற்றியோரத்தில் குழந்தை முடி, உச்சி மட்டும் முரடு. அதனால் தலையை நான்காகப் பிரித்து ஊசி குத்தி, உச்சியில் ஆரம்பித்து, நெற்றியோரத்துக்குக் கடைசியில் வரவேண்டும். எடுக்கிற பிரிவு எவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டுமென்றால், பிடித்த முடிக்குப் பின்னால் என் விரல் தெரிய வேண்டும். தடித்துப் போனால் வெளியில் வெந்து உள்ளே வேகாத பணியாரம் கதைதான். தோலில் படாமல் மேலும் கீழும் பூசி, சீப்பின் முதுகால் தடவிவிட வேண்டும். பல்லால் இழுத்தால் போச்சு, களியில் ஊறின முடி ரப்பர் மாதிரி நீண்டு அறுந்துவிடும். சுவரில் ஓர் ஆணியில் அவர் அப்பாவின் கடிகாரம் தொங்கும். "முடிகிட்டே கேக்காதே, மணிகிட்டே கேளு" என்பது அவர் சட்டம். மணி வந்துவிட்டால் படிந்ததோ இல்லையோ, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கடைசியில் காடி கலந்த தண்ணீரில் ஒரு அலசு.

வருகிறவர்களுக்கும் சட்டம் உண்டு. வருவதற்கு முன் ஒரு வாரம் தலையில் எண்ணெய் கூடாது. இரண்டு நாள் தலை நனைக்கக் கூடாது, சொறியக் கூடாது. நனைத்துத் தேய்த்த தோல் எரியும். எண்ணெய் பட்ட முடியில் களி ஏறாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இனி கமலம்.

ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த ஒரு கிளார்க்கின் மகள். பத்தொன்பது வயது. ஒவ்வொரு இழையும் விரலில் சுற்றிக் கழற்றின கம்பி மாதிரி சுருண்டு, கெட்டியாக, தலையைச் சுற்றி எழுந்து நிற்கும். இழுத்துப் பிடித்தால் இடுப்புக்கு வரும், விட்டால் தோளுக்கு ஓடிவிடும். அவள் அப்பாவுக்கும் அதே முடிதான், ஆனால் ஆண்பிள்ளை ஒட்ட வெட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடுகிறார். "எல்லாம் இவ அப்பா வீட்டுச் சொத்து" என்று அவள் அம்மா அலமேலு அக்கா தலையில் அடித்துக்கொள்வார். முதலில் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், வாசல் தாண்டும்போதே "பரட்டை" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறது. கமலம் அதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

அடுத்து வந்தது கிள்ளான் ஊர்ச் சம்பந்தம். மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா இல்லை. வளர்த்தது அக்கா. அவர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். இங்கிருந்து ஒரு போட்டோ போனது. அந்தப் போட்டோவுக்காகக் கமலத்தின் தலையைத் தண்ணீரும் பொமேடும் போட்டு, துணியால் இறுக்கிக் கட்டி அமுக்கி, நீளமாகச் சவுரி வைத்துப் பின்னியிருந்தார்கள். பிடித்துவிட்டது என்று பதில் வந்து, நாளும் குறித்தாகிவிட்டது.

"கல்யாணத்தன்னிக்கு நாத்தனார் வந்து பொண்ணு தலையில பூ வெப்பாங்க. மூணாவது முடிச்சும் அவங்கதான் போடுவாங்க. கை தலையில பட்டுரும்" என்றார் அலமேலு அக்கா எங்கள் கடையில் உட்கார்ந்து. "போட்டோவுல இருந்த பொண்ணு இது இல்லைன்னு ஒரு வார்த்த வந்துட்டா, இவ மறுபடி மணையில உக்காரமாட்டா. எனக்குத் தெரியும் எம் பொண்ண."

கடைக்கு வந்தால் யாராவது பார்த்துக் கிள்ளானில் சொல்லிவிடுவார்களாம், அதனால் வீட்டிலேயே வைத்துச் செய்ய வேண்டும். மிஸ் தெல்மாவுக்கு அன்று கடையை விட்டு வர முடியாது. கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். தனியாக ஒரு தலைக்குக் களி வைக்கப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும் அலமேலு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாக்கியம், தப்பா நெனச்சுக்காதம்மா. சொந்தக்காரங்கல்லாம் வந்திருப்பாங்க. நீ பின்பக்கமா வந்துட்டு, அப்படியே..."

"சரிங்கக்கா" என்றேன். தாலி அறுத்தவள் கல்யாண வீட்டுக்குள் முன்வாசல் வழியாகப் போவதில்லை, எனக்குத் தெரியாதா? தப்பாக நினைக்காமல் இருந்தேனா? நினைத்தேன். நன்றாகவே நினைத்தேன். வாயைத்தான் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியருகே கமலத்தை மணைப்பலகையில் உட்கார வைத்தேன். அவள் முகத்தில் மஞ்சள் இருந்தது. கல்யாணப் பெண்ணின் முகத்தில் மஞ்சள் இல்லாமல் வேறென்ன இருக்கும்? உச்சியைப் பிரித்தபோது ஒரு பச்சைப் புல் சிக்கியிருந்தது. எடுத்துத் தரையில் போட்டேன். காலையில் என்னென்ன சடங்கு நடந்தது என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

தோலெல்லாம் வாசலின் தடவி, நான்காகப் பிரித்து, உச்சியில் ஆரம்பித்தேன்.

"எரிஞ்சா ஒடனே சொல்லணும்."

"ம்." கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, படிஞ்சிரும்ல?" என்றாள்.

"படிஞ்சிரும்."

"ஒரு நாளைக்காவது யாரும் என்னப் பரட்டைன்னு சொல்லக்கூடாது. ஒரே ஒரு நாளைக்கு."

நேரம் நெருங்கியது. பிடரி படிந்தது. காதோரம் படிந்தது. நான் பயந்துகொண்டிருந்த நெற்றியோரம்கூடப் பட்டு மாதிரி இறங்கியது. உச்சி மட்டும் அசையவில்லை. சீப்பின் முதுகால் தடவுகிறேன், மறுபடி எழுந்து சுருள்கிறது. முதலில் வைத்த இடம் அதுதான், முதலில் படிந்திருக்க வேண்டியதும் அதுதான்.

அலமேலு அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்ச நேரம் வெய்யும்மா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"எரியல அக்கா, வெய்யுங்க" என்றாள் கமலமும்.

என் கை களிச்சட்டிக்குப் போனது, பொய் சொல்லமாட்டேன். அப்போதுதான் கமலத்தின் காலைப் பார்த்தேன். கால்விரல் பத்தும் சிமெண்டுத் தரையில் நகம் வெளுக்கும்படி மடங்கி அழுந்திக்கொண்டிருந்தன. எரியவில்லையாம்! கடிகாரத்தைப் பார்த்தேன். வாளியை எடுத்துவிட்டேன்.

கழுவி முடித்தபோது தலை முழுக்க வழித்து வாரின மாதிரி இருந்தது. உச்சியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொத்து, கோழிக்கொண்டை மாதிரி நிமிர்ந்து நின்றது. முன்பு முழுத் தலையும் சுருளாக இருந்தபோதுகூட அப்படிக் கண்ணை உறுத்தவில்லை. "ஐயோ, இதுக்கு எம் பொண்ணு இருந்தபடியே இருந்திருக்கலாமே!" என்று அலமேலு அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குனிந்து அந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் குனிந்து முகர்ந்தேன். கார நெடிக்கு அடியில் நல்லெண்ணெய் மணந்தது.

"அக்கா, தலையில எண்ணெய் வெச்சீங்களா?"

"எண்ணெய் எங்கம்மா வெச்சோம்? நீ சொன்னதுலேருந்து ஒரு சொட்டு வெக்கல. காலையில நலங்குதான் வெச்சோம்."

நலங்கு! அஞ்சு சுமங்கலிகள் வரிசையாக வந்து, அறுகம்புல்லை எண்ணெயில் தோய்த்து, பெண்ணின் உச்சியில் மூன்று மூன்று தடவை தொட்டு வாழ்த்தியிருக்கிறார்கள். வழக்கப்படி அதற்குப் பிறகு தலைக்கு ஊற்றிவிடுவார்கள், எண்ணெய் போய்விடும். "நீ தலைய நனைக்கக் கூடாதுன்னு சொன்னியேன்னுதான் குளிப்பாட்டல" என்றார் அலமேலு அக்கா. எங்கள் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியிருந்தார் அந்த மகராசி. அவருக்கு அது எண்ணெயே இல்லை, ஆசீர்வாதம். நான் எடுத்துப் போட்ட புல் என் காலடியிலேயே கிடந்தது.

அவ்வளவு எரிச்சலையும் பொறுத்துக்கொண்ட கமலம் அப்போது அழ ஆரம்பித்தாள். முடிக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "எந்தலகிட்ட யாரும் இப்படி முகத்தக் கொண்டாந்ததே இல்லக்கா" என்றாள். நான் உச்சி முகர்ந்தேன் என்று நினைத்துவிட்டாள். எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

ஆள் அனுப்பியதும் மிஸ் தெல்மா கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தார். விரலால் உச்சியைத் தொட்டார், காதுக்குப் பின்னால் சிவந்திருந்த தோலைப் பார்த்தார். இன்னொரு தடவை வைக்கச் சொல்லி அலமேலு அக்கா கும்பிட்டார். "தா போலே, கக்கா. நந்தி போத்தாக்" என்றார் மிஸ் தெல்மா, முடியாது, மொட்டையாகிவிடும் என்று. "இந்தத் தலைக்கு இன்னிக்குப் போதும்."

திரும்பி நடக்கும்போது என்னிடம் கேட்டார். "நீ ஏன் மொதல்லே கேக்கலே?"

"நான் கேக்கக் கூடாது மிஸ். நான் புருஷன் இல்லாதவ."

அவர் நின்றுவிட்டார். "கேக்குறதும் வேலைதான் பாக்கியம்" என்றார். பிறகு வழி முழுக்க அவர் பாட்டு முனகவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையில் அலமேலு அக்காவே வந்து என்னைக் கூட்டிப்போனார். ராக்கொடி நகையை வைத்து உச்சியை மறைத்துவிடலாம் என்று எங்கள் திட்டம். ஆனால் நேராக்கின முடி சும்மா இருக்குமா? வழுக்கியது. சவுரி நழுவுகிறது, பூ இறங்குகிறது, எந்த ஊசியும் நிற்கவில்லை. நான் ராக்கொடியைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடும்போது கதவு திறந்தது. மாப்பிள்ளையின் அக்கா நாகம்மா, மல்லிகைக் கூடையோடு நின்றார்.

"நகருங்க, பூ நான்தான் வெக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்து கமலத்தின் தலையில் கை வைத்தார். விரல் உச்சியில் நின்றுவிட்டது. ஒரு சுருளைப் பிடித்து இழுத்தார். நீண்டது. விட்டார். சுருண்டுகொண்டது.

"இது என்ன?"

அலமேலு அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கமலம் தலையைத் தூக்காமலே சொல்லிவிட்டாள். "அதுதாங்க என் முடி. மத்ததெல்லாம் மருந்து போட்டுப் படிய வெச்சது. போட்டோவுல இருந்தது சவுரி."

அந்தப் பெண் இரண்டு நாள் முன்பு பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டதே என்று இருந்தது எனக்கு.

"அப்ப இது மட்டும் ஏன் படியல?" நாகம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நலங்கு எண்ணெய் பட்ட எடங்க. மருந்து ஏறல" என்றேன்.

அவர் அந்தச் சுருளை இன்னொரு தடவை இழுத்து விட்டார். பிறகு என் கையிலிருந்த ராக்கொடியை வாங்கி அதன் மேல் வைத்து அழுத்தினார். அசையாமல் உட்கார்ந்தது. அதைச் சுற்றி மல்லிகையைச் செருகினார். அதுவும் நின்றது.

"அஞ்சு பேரு வாழ்த்துன எடம். அதப் போயி எதுக்குப் படிய வெக்கணும்? இந்தத் தலையில பூ நிக்கிற எடமே இது ஒண்ணுதான்" என்றார். கமலத்தின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "போட்டோவப் பாத்துட்டு எந்தம்பி கேட்டான், இந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு பயந்து போயிருக்குன்னு. இப்பல்ல தெரியுது! முடிய யாரு கேட்டா? கண்ணத் தொடச்சுக்கோ, மை கரையுது."

நான் பின்பக்கமாக வெளியே வந்து தொட்டியருகே நின்றுகொண்டேன். கெட்டிமேளச் சத்தம் அங்கேயும் கேட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நல்ல அழுகைதான்.

அதற்குப் பிறகு கமலம் களிக்கு வரவேயில்லை. நேராக்கின முடி வளர வளர நுனியை வெட்டிக்கொள்ள மட்டும் கிள்ளானிலிருந்து வருவாள். நான் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் வந்தாலும் களியைத் தொடும் முன் குனிந்து உச்சியை முகர்ந்துவிடுவேன். எண்ணெய் இருந்தால் இன்னொரு நாள் வரச்சொல்லி அனுப்புவேன். இது வேலை என்று யாருக்கும் தெரியாது, ஏதோ பாசம் என்று நினைத்துக்கொள்வார்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் கண் கலங்குவார்கள். அத்தனை வருஷத்தில் அது பாசமாகவே ஆகிவிட்டது, நான் ஒன்றும் கல் இல்லை. மிஸ் தெல்மா பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டு நிற்காது.

நான் வேலையை விட்டு சாலாக் செலாத்தானில் வந்து தங்கின பிறகு, ஒருநாள் கமலம் வாசலில் நின்றாள். தலை முழுக்க நரைத்த சுருள், காடு மாதிரி. இன்னும் இரண்டு நாளில் அவள் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். உள்ளே வந்தவள் நாற்காலியில் உட்காராமல் என் காலடியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள்.

"மோந்து பாருங்கக்கா."

பார்த்தேன். "எண்ணெய் இல்லையே."

"இல்ல. அன்னிக்கு அஞ்சு பேரு வெச்சாங்க. நீங்க வெக்கல." பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியையும், ஈரத்துணியில் சுற்றின அறுகம்புல்லையும் எடுத்து என் மடியில் வைத்தாள். "இந்தத் தடவ மொத நலங்கு நீங்க."

"நான் வெக்கலாமா கமலம்?"

"கேக்குறதும் வேலைதான்னு உங்க மிஸ் சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? கேட்டுட்டீங்க. வெய்யுங்க."

வாழ்நாள் முழுக்க எண்ணெய் கூடாது, எண்ணெய் கூடாது என்று சொன்ன கை. புல்லை எண்ணெயில் தோய்த்து அவள் உச்சியில் மூன்று தடவை தொட்டேன். பிறகு குனிந்து முகர்ந்தேன். எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க அல்ல.